படியேறினால் வலிக்கும் பல்

பிப்ரவரி 4

கீச்சுவுக்கு,

போனில் பேச வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறாளே, அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். வீட்டுப் போனில் உன்னிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை பேச முடிகிறதா? மணி அடித்த உடனே அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இப்போது எழுதப்போவதை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது. கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பக்கம் மை கொட்டிப் பாழான தாளின் மறுபக்கத்தில் எழுதுகிறேன். பதில் போடுவதாக இருந்தால் நீயும் ஜெராக்ஸ் கடை முகவரிக்கே போடு.

நேற்று அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனது நான். பத்து நாளாக நெஞ்செரிச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு, மூன்று மாடி கைப்பிடித்து இறக்கி, டோக்கன் வாங்கி, மருந்து வாசனைக்கு நடுவில் காத்துக் கிடந்து உள்ளே போனோம். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டதுதான் தாமதம். அத்தை கைப்பையிலிருந்து போனை எடுத்து, உன்னைக் கூப்பிட்டு, மேஜைமேல் வைத்துவிட்டார். "என் பொண்ணு மெடிக்கல் படிக்கிறா. அவகிட்ட கேளுங்க."

நீ படிப்பது ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடு எழுதுகிற படிப்பு என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். நீயும் அந்த டாக்டரும் அரை மணி நேரம் எபி என்றும் கேஸ்ட்ரிக் என்றும் என்னென்னவோ பேசிக்கொண்டீர்கள். அத்தை முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. டாக்டர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது மட்டும் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். மருந்து வாங்க, மாத்திரை எடுத்துக் கொடுக்க, வாந்தி எடுத்தால் துடைக்க நான். பேசுவதற்கு நீ. நன்றாக இருக்கிறது இந்தப் பங்கீடு.

நீ வாராவாரம் அனுப்புகிற பாடத் தாள்கள் சமையலறைச் சுவர் முழுக்க ஒட்டியாகிவிட்டன. அடுப்புக்கு மேலே ஈரல், குளிர்சாதனப் பெட்டிமேல் குடல். உப்பு டப்பாவை எடுக்கப் போனால் ஒரு எலும்புக்கூடு முறைக்கிறது. உன் அண்ணன் ஒரு வாரமாகத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த முறை நாங்கள் டாக்டர் அறையில் இருக்கும்போது போன் வந்தால் எடுக்காதே.

உன் அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை அதைவிடக் கோபம் வந்தது.

முப்பத்து நான்கு வயதில், துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் டீச்சரே என்னைவிடச் சின்னவள். அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள், நடையிலேயே ஓட்டம் தெரியும். முதல் வாரம் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டு ஒட்டுத்தாள் கொடுத்து, எதிரில் இருப்பவர் உடம்பில் எலும்புக்கு எலும்பு பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள். என் ஜோடிப் பெண் என் தோளில் கிளாவிக்கிள் என்று ஒட்டிவிட்டுச் சிரித்தாள். அக்கா, உங்களுக்குக் கழுத்தெலும்பு நன்றாக எடுப்பாக இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். நான் இளைத்திருக்கிறேன் என்று இங்கே எனக்குச் சொன்னது அவள் ஒருத்திதான்.

ஆனால் இந்த வார்த்தைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன, அண்ணி. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொள்ளலாம். கேஸ்ட்ரோ என்றால் இரைப்பை. ஐட்டிஸ் என்றால் அழற்சி. சேர்த்தால் ஒரு நோய். வகுப்பில் நான்தான் முதல். எங்களுக்குப் பிடிக்காத பாடம் ஒன்றே ஒன்று. எந்தப் பதிவேட்டிலும் முதல் வரி நோயாளி சொன்னது சொன்னபடி, மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டுமாம். அதற்குக் கீழேதான் நம் வார்த்தை. "வயித்துக்குள்ள யாரோ துணி பிழியற மாதிரி இருக்கு" என்று எழுதுவதற்கா இவ்வளவு படிப்பு என்று நாங்கள் முணுமுணுக்கிறோம்.

பங்கீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் கணக்குப் பார்க்கட்டுமா? அம்மா உங்களிடம் இருக்கிறாள். அவள் தலைமுடியைப் பின்னிவிடுவது நீங்கள். காலையில் அவள் முகத்தில் விழிப்பது நீங்கள். என் அறையில் இப்போது உங்கள் கடைக் காகிதக் கட்டுகளை அடுக்கியிருக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். எனக்கு மிச்சம் இருப்பது வாரத்தில் இரண்டு போன். அதையும் எடுக்காதே என்கிறீர்கள்.

அம்மா ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று அவளிடமே கேட்டேன். "உன் அண்ணிக்கு அதெல்லாம் புரியாதுடி" என்றாள். நான் சொன்னதல்ல, அவள் சொன்னது. உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது.

கீச்சு


பிப்ரவரி 24

மெடிக்கல் மேடம் அவர்களுக்கு,

புரியாதுதான். அதனால்தான் புரிந்துகொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன்.

உன் தாள்கள் தபாலில் கடைக்குத்தான் வருகின்றன என்பதை மறந்துவிட்டாயா? அத்தையிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து எடுக்கிறேன். எலும்புக்கூட்டைப் பெரிய தாளில் பெரிதாக்கி, லேமினேட் செய்து, கல்லாவுக்குக் கீழே சொருகி வைத்திருக்கிறேன். பரீட்சை நேரத்துக் கூட்டம் ஓய்ந்ததும் அதை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறேன். ஸ்பைரல் பைண்டிங்குக்கு வந்த ஒருவர், உங்க பிள்ளை டாக்டருக்குப் படிக்குதா என்று கேட்டார். இல்லை, நாத்தனாரோடு போட்டி என்று சொல்லியிருப்பேன், சொல்லவில்லை.

உன் அண்ணன்தான் என் பரீட்சை அறை. அவன் தூங்கப் போகும்போது, உன் ஃபீமர், அதுதான் தொடையெலும்பு, எங்கே இருக்கிறது காட்டு என்றேன். "காலையில தேடித் தர்றேன், இப்ப விடு" என்கிறான். ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் நம்மைக் குடிவைத்திருக்கிறான். அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஐட்டிஸ் என்றால் அழற்சி. ஆல்ஜியா என்றால் வலி. ஹெப்பாடிக் என்றால் சிறுநீரகம் சம்பந்தப்பட்டது. பார், எனக்கும் வருகிறது.

இன்னொன்று கேள். அத்தைக்கு இப்போது ஒரு புதுப் பல்வலி. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது மட்டும் வருகிற பல்வலி. பாதிப் படியில் நின்று, இடது கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "பல்லு இழுக்குது" என்பார். முகம் வேர்த்திருக்கும். வாளியை நான் வாங்கிக்கொண்டு நாலு படி ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் வலி போய்விடும். சாப்பிடும்போது வலிப்பதில்லை. தண்ணீர் குடித்தால் கூசுவதில்லை. வாளியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிற பல்லை உன் தாளில் எங்காவது பார்த்திருக்கிறாயா? அத்தை மேண்டிபிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அழகை நீ பார்க்க வேண்டும். நானே பெயரும் வைத்துவிட்டேன். ஜிஞ்சிவைட்டிஸ். ஈறு அழற்சி. சரிதானே?

அடுத்த டாக்டர் தேதி மார்ச் பன்னிரண்டு. நான்தான் பேசப்போகிறேன். உன் அம்மாவின் போனை அன்றைக்கு வீட்டில் சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போவேன்.

புரியாத அண்ணி


மார்ச் 5

அண்ணிக்கு,

என் தாள்களைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அது மருத்துவப் பெயர் இல்லை.

திருத்தங்களை இதில் எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள். ஹெப்பாடிக் என்றால் கல்லீரல். சிறுநீரகத்துக்கு நெஃப்ரோ, இல்லையென்றால் ரீனல். டாக்டரிடம் இந்தத் தவறைச் செய்தால் சிரித்துவிடுவார். ஜிஞ்சிவைட்டிஸ் என்று எழுதுவதற்கு முன்னால் ஈறு வீங்கியிருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தீர்களா? மேண்டிபிள் என்பது கீழ்த்தாடை, மேல்தாடைக்கு மேக்ஸில்லா. எந்தத் தாடை, எந்தப் பல் என்று குறிப்பிடாமல் இடது பக்கம் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எங்கள் டீச்சர் மதிப்பெண் போட மாட்டாள். சிவப்புப் பேனாவில் உங்கள் கடிதத்திலேயே எல்லாவற்றையும் சுழித்து வைத்திருக்கிறேன். பத்துக்கு நான்கு.

நீங்கள் கெட்டிக்காரர். அது எனக்குத் தெரியும். கல்லூரியில் இடம் கிடைத்தும் உங்கள் வீட்டில் அனுப்பவில்லை என்று அண்ணன் ஒரு முறை சொன்னான். அதற்காக இதையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? உங்களுக்கு வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, அண்ணன் இருக்கிறான், என் அம்மா இருக்கிறாள். எனக்கென்று இந்த நூறு இருநூறு வார்த்தைகள் இருந்தன. அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள்.

அம்மா போனில் முன்போலப் பேசுவதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நீ என்ன படிச்ச சொல்லு என்கிறாள். முன்பெல்லாம் கால் வலி, முதுகு வலி என்று ஒரு மணி நேரம் சொல்வாள். இப்போது அதெல்லாம் உங்களிடம் சொல்கிறாள் போலிருக்கிறது. பல்வலியைக்கூட நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொள்கிறேன். வயிறு எரிகிறது, அண்ணி. இதற்கு கேஸ்ட்ரைட்டிஸ் என்று நீங்கள் பெயர் வைக்க வேண்டாம்.

கீச்சு


மார்ச் 14

கீச்சு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்கு எரியும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

டாக்டர் வழக்கம்போலச் சீட்டைப் பார்த்துக்கொண்டே என்ன செய்கிறது என்றார். அத்தை கை பையைத் துழாவியது. போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். கேஸ்ட்ரைட்டிஸ் முழுதாகக் குறையவில்லை டாக்டர், கூடவே இப்போது இடது பக்கம் மேண்டிபிளில் ஜிஞ்சிவைட்டிஸ் என்றேன். கீழ்த்தாடை, கடைசிப் பல் என்றும் சேர்த்துச் சொன்னேன். உன் சிவப்புப் பேனா வீண் போகவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னைத்தான். "நீங்க எந்த ஹாஸ்பிடல்ல இருக்கீங்க?"

சொந்தமாக வைத்திருக்கிறேன் என்றேன். ஜெராக்ஸ் மெஷினைத்தான் சொன்னேன், அவர் என்ன நினைத்தாரோ. அதன் பிறகு கடகடவென்று வேலை முடிந்துவிட்டது. வயிற்றுக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். பல்லுக்கு ஒரு பல் டாக்டரிடம் சீட்டு கொடுத்தார். நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் அத்தையிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. வெளியே வரும்போது தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அத்தை வழியெல்லாம் பேசவே இல்லை. படியேறி முடித்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு என்னைப் பார்த்து, "நல்லா பேசின" என்றார். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ். சட்டம் போட்டு மாட்டலாமா என்று பார்க்கிறேன்.

அன்றிலிருந்து பல்வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார். இருந்தாலும் விடக்கூடாது என்று நேற்றுப் பல் டாக்டரிடமும் கூட்டிப்போய்விட்டேன். பல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வலி என்று எழுதி வந்திருப்பதால் எடுத்துவிடலாம் என்கிறார். இருபத்தோராம் தேதி சனிக்கிழமை எடுக்கப்போகிறோம்.

பத்துக்கு நான்கு வாங்கிய அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நாளில் உங்களிடம் சொல்ல நினைத்து, ஒவ்வொரு தடவையும் விழுங்கிவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் சரியான நேரத்தில் கண்டுபிடித்துப் போன் செய்தேன் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வார்டு நர்ஸிடம்கூடச் சொன்னான். நீங்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னீர்கள். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை வகுப்பில் டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தாள். வீட்டில் யாராவது சொன்ன ஒரு குறையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வந்து படிக்க வேண்டும். நான் தனியாக எழுதவில்லை. உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப்போனேன். வாளியைப் பார்த்தால் வலிக்கும் பல். எதற்குத் தெரியுமா? உங்களைக் கேலி செய்ய. படிக்காதவர்கள் எப்படிப் பெயர் வைக்கிறார்கள் பாருங்கள் என்று காட்ட. நீங்கள் டாக்டரிடம் பேசி ஜெயித்த கடிதம் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எனக்கு அது தாங்கவில்லை.

நீட்டி முழக்கிப் படித்தேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபீமர் கதைக்கு மேஜையைத் தட்டினார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பல்வலிப் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னாள். என்ன வயது என்று கேட்டாள். அறுபத்து இரண்டு என்றேன். "நின்னா போயிடுதா?" என்று கேட்டாள். நாலு படிக்குள் போய்விடுமாம் என்றேன். "இது பல்லு இல்ல. வெளிய போய் இப்பவே போன் பண்ணுங்க" என்றாள்.

இதயத்து வலி தாடையில் வந்து நிற்கும் என்பது எங்கள் மூன்றாவது பாடம். நான் அதில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் கடிதம் மூன்று வாரம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. அதில் மேண்டிபிள் என்ற வார்த்தையைச் சுற்றி நானே சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். வார்த்தையைத்தான் பார்த்தேன். அம்மா படியில் நின்றுகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. உங்கள்மேல் எனக்கிருந்த எரிச்சல் என் கண்ணை மறைத்துவிட்டது.

போனில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்று மட்டும் தெரியும். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் மூன்று மாடியும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினானாம். உள்ளே வந்ததும் நான் பார்த்தது, அம்மாவின் கை உங்கள் கைக்குள் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள். ஆனால் முடி கலைந்திருக்கிறது என்று சொல்லி உங்களைத்தான் பின்னிவிடச் சொன்னாள். அம்மா பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் அப்படிப்பட்டவள்தான் அண்ணி. தெரிந்துகொள்ளுங்கள்.

கீச்சு


ஏப்ரல் 8

கீச்சு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையை மூடி வைத்தேன். வாசலில் ஒரு ஆள் ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். முப்பது பெண்கள் என் எழுத்தைக் கேட்டுச் சிரித்தார்களே என்று காது சுட்டது. ஆனால் நீ கேலி செய்யாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை நான் அத்தையைப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார வைத்திருப்பேன். திரும்பி வந்து அவரே மூன்று மாடியும் படியேறியிருப்பார்.

நீ மட்டும்தான் விழுங்கினாய் என்று நினைக்காதே. நானும் ஒன்றை விழுங்கினேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார் அத்தை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர் வந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். அத்தை என்னைப் பார்த்தார். கல்லாவுக்குக் கீழே வைத்துப் படித்த அத்தனை பெயரும் வாயில் வந்து நின்றது. ஒன்றையும் சொல்லப் பிடிக்கவில்லை. வாளியைச் சொன்னேன். பாதிப் படியைச் சொன்னேன். இடது கன்னத்துக்குக் கீழே கை வைப்பது, முகம் வேர்ப்பது, நாலு படி, பல்லு இழுக்குது, எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் அப்படியே எழுதிக்கொண்டான். உங்கள் டீச்சர் பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

அவன் போன பிறகு நான் அத்தையிடம் சண்டை போட்டேன். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே போட்டேன். பெற்ற மகள் இதைத்தானே படிக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது இது.

"அவகிட்ட என்ன சொன்னாலும் அதுக்கு ஒரு பேர் சொல்றா. பேர் கேட்டதும் எனக்குப் பயமாயிடுது. நேத்து வரைக்கும் வெறும் வலி, இன்னைக்கு வியாதி. உனக்கு அதெல்லாம் தெரியாது, அதனால உன்கிட்ட சொன்னேன். நீயும் படிச்சுக்கிட்டு வந்து டாக்டர்கிட்ட அப்படிப் பேசினதும், சரி, இனிமே யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

அண்ணிக்கு அதெல்லாம் புரியாது என்று உன்னிடம் சொன்னாரே, அதை நினைத்து எத்தனை நாள் நான் பல்லைக் கடித்திருப்பேன். வலியைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது நானாக இருந்தேன். எனக்கு அது போதவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்த இடத்தையும் தொலைத்தேன்.

சுவரில் இருக்கும் தாள்களைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்கிறார். பயப்படுவாராம், ஆனால் பெருமையும் வேண்டுமாம். எலும்புக்கூடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உன் அறையிலிருந்த காகிதக் கட்டுகளைக் கடைக்கு எடுத்துப்போய்விட்டேன். பரீட்சை முடிந்து வரும்போது கட்டில் காலியாக இருக்கும்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

பரீட்சை எழுதிவிட்டேன். நன்றாக எழுதினேன். இரண்டு மணி நேரம் அழாமல் எழுதியதே பெரிய விஷயம்.

அம்மா என்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நீங்கள் எழுதவில்லை, நான் அப்படிப் படித்தேன். கால் வலி என்று அவள் சொன்னபோதெல்லாம் அதற்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப வலிக்கிறதா அம்மா என்று கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

இப்போது போன் செய்தால் நான் எதையும் கேட்பதில்லை. பயமாக இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு முறை அம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதி அனுப்புங்கள். நல்லா இருக்கேன் என்று சொன்னால் அதையும், எந்த முகத்தோடு சொன்னாள் என்பதையும். பெயர் எதுவும் வைக்க வேண்டாம். நானும் வைக்க மாட்டேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி எனக்குப் புரிகிறதா என்று பார்க்கிறேன்.

இதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா? என் அம்மா என்ன சொன்னாள் என்று இன்னொருத்தியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. பொறாமை போகவில்லை, அண்ணி. அதை வைத்துக்கொண்டேதான் கேட்கிறேன்.

கீச்சு


ஏப்ரல் 27

கீச்சு,

நீ கேட்டபடி முதல் வாரத்து வரி. நேற்று மாலை, ஜன்னல் பக்கத்து நாற்காலி. துணிவாளியை உன் அண்ணன்தான் இப்போது மாடிக்குத் தூக்குகிறான், முணுமுணுத்துக்கொண்டே. நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, கீச்சு கேட்கிறாள், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறேன் என்றேன்.

நீ போன் செய்த அந்த வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் போட்டுத்தான் இருந்தது. கடிதத்தில் எழுதியிருந்தீங்களே, கடிதத்தில் எழுதியிருந்தீங்களே என்று நீ கத்தியதை அவர் முழுதும் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி அவர் சொன்னது.

"பல்லு இழுக்கல. நெஞ்சு எரியல. ராத்திரி தூக்கம் வருது. ஒரு குறைதான், அதையும் எழுதிக்கோ. மூணு மாசமா நீயும் அவளும் என் வயிறு, பல்லு, நெஞ்சுன்னு பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க. எனக்கு யாரும் ஒரு வரி போடல."

எந்த முகத்தோடு சொன்னார் என்றும் எழுதச் சொல்லியிருந்தாய். நீயும் நானும் இந்த மூன்று மாதம் வைத்துக்கொண்டிருந்தோமே, அதே முகம். அதற்கு என்ன பெயர் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த கடிதத்தை அவர் பெயருக்குப் போடு, வீட்டு முகவரிக்கு. வியாதி பற்றி எழுதாதே. உன் கழுத்தெலும்பைப் பார்த்துச் சிரித்தாளே அந்தப் பெண், அவளைப் பற்றி எழுது. நான் பிரித்துப் பார்க்க மாட்டேன்.

எனக்கும் ஒன்று தனியாகப் போடு, கடைக்கு.

அண்ணி